தக்காளித் தோட்டத்துக்கு வராத மிக்

— போதும் வெல்கோ, வேலிக் கம்பிய விட்டுட்டு வா. ரெக்கைய அறுத்தாச்சு, இனி என்னத்தப் பாக்க?

— வாலையும் அறுக்கட்டும் ராட்கா. இருவத்திரெண்டு வருஷம் இந்த விமானத்துக்கு மெக்கானிக்கா இருந்தவன், கடைசி வரைக்கும் நிக்க வேணாமா?

— மூணு மணி நேரமா நிக்கற. முட்டி வீங்கினா நான்தான் தைலம் தேய்க்கணும். இந்தா, பாலாடைக்கட்டி வெச்சு பனிட்சா சுட்டுக் கொண்டாந்தேன். ஆறிப்போச்சு, இருந்தாலும் ரெண்டு வாய் சாப்பிடு.

— இப்ப வேணாம். நம்ம தக்காளித் தோட்டத்துல நிக்க வேண்டிய மிக் விமானம்டி இது! சிமெண்ட் தளமெல்லாம் போட்டு வெச்சேனே.

— அந்தத் தளத்துலதான் இப்ப மொளகா காயுது.

— சிரி, நல்லா சிரி. பட்டாளத்துக்காரங்க ஏலம் விட்ட அன்னைக்கு ப்ளோவ்டிவ் ஊர்லேர்ந்து ஒரே ஒரு பழைய இரும்புக்காரன்தான் வந்தான், வேற யாருமில்ல. நின்னது ரெண்டு மிக். பத்து மணிக்குள்ள வெல எழுதின என் கவர ஏலப் பெட்டியில போட்டிருந்தா ஒண்ணு எனக்குத்தான்.

— போட்டிருக்க வேண்டியதுதானே.

— எப்படிப் போடறது? வாசலத் தாண்டறேன், எதுத்த வீட்டுக் கின்கா காலி வாளியோட வர்றா! காலி வாளி எதிர்ல வந்தா நம்ம ஊர்ல எவன் மேக்கொண்டு நடப்பான்? திரும்பி வந்து, உக்காந்து, ஒரு காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்பினேன். பஸ் போயிடுச்சு.

— யாரா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பாங்க.

— சண்டாளி! வாளியில ஒரு சொம்புத் தண்ணியாவது இருந்திருக்கக் கூடாதா? அஞ்சு மாசமா அவகிட்ட நான் பேச்சே வெச்சுக்கறதில்ல.

— அவளத் திட்டாதய்யா.

— ஏன் திட்டக்கூடாது?

— நான் சொல்லித்தான் வந்தா.

— என்னடி சொல்ற?

— ஆமா. திட்டறதுன்னா என்னையத் திட்டு. ராப்பகலா நீ அதுகூடத்தான் குடும்பம் நடத்தின. நம்ம மகன் ப்ளமென் பொறந்தப்பகூட அது அடியிலதான் கெடந்த. வேலைய விட்டப்புறமாவது நீ எனக்குன்னு இருப்பேன்னு நெனச்சேன். அதையும் வீட்டுக்கே கூட்டியாந்தா நான் எங்கய்யா போவேன்? ஆனா இன்னைக்கு நீ நிக்கறதப் பாத்தா மனசு கேக்கல. தப்புப் பண்ணிட்டேன் வெல்கோ.

— அந்த பனிட்சாவக் குடு.

— கோவமா?

— கின்கா வீட்ல இருக்கறது தகர வாளி. அன்னைக்கு அவ கையில இருந்தது நம்ம வீட்டுப் பச்ச வாளி, ஒடஞ்ச பிடிக்கு நான் கம்பி கட்டிக் குடுத்தது. வேணாம்னு ஒரு நாளும் வாயத் தொறக்காத நீ இப்படியாவது சொல்றியேன்னுதான் திரும்பினேன். உன்னைத் திட்ட மனசு வரல ராட்கா. அதான் இத்தன நாளா கின்காவத் திட்டிட்டிருக்கேன்.