கலியாண நாள் கப்பல்

எழுபதுகளில் சிட்னி ரயிலில் தமிழ் காதில் விழுவது அபூர்வம். எதிர் இருக்கையில் ஒரு யாழ்ப்பாணத் தம்பதி; அவர்கள் பேச்சைக் கேட்க நான் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"கப்பலெண்டா நான் கரையிலை நிண்டு கை காட்டுறன். நீங்கள் போட்டு வாங்கோ." மனைவி கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"கலியாண நாளும் அதுவுமா நான் தனியப் போறதோ? கரீபியன் தீவெல்லாம் பாக்கலாம்."

"பிளேனிலை போவம்."

"ஐம்பத்தெட்டுக் கலவரத்திலை கொழும்பிலையிருந்து எங்களை ஊருக்கு ஏத்தின கப்பலிலைதானே உம்மை முதல் கண்டனான்? கம்பியைப் பிடிச்சபடி கரையையே பாத்துக்கொண்டு நிண்டீர். அந்த வடிவை இன்னும் மறக்கேல்லை."

கைப்பைச் சத்தம் நின்றது.

"நீங்கள் என்னைப் பாத்தனீங்கள். நான், அண்ணா ஓடி வருவார் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். இண்டைக்கும் வரேல்லை."