சோபாவில் தூங்குகிறவன்

— ஜெயில் கண்ணாடிகிட்ட கத்தாதீங்க ரூபன், போனை எடுத்துப் பேசுங்க. ராத்திரி எங்க தூங்குவீங்க?

— அக்கா வீட்டு சோபாவுல, மேடம். எட்டு மாசமா. சோபாவே என் முதுகு மாதிரி வளைஞ்சு போச்சு.

— அக்கா பேரு?

— லூபே. நிஜமாச் சொல்லுங்க மேடம், இன்னிக்கு விட்டுருவாங்களா?

— ஒன்றரைக்கு உங்க பேரைக் கூப்பிடுவாங்க. அதுக்குள்ள இவர் தங்கற இடம் இதுதான்னு நான் நீதிபதிக்கு எழுதிக் கொடுக்கணும். இல்லன்னா வழக்கு முடியற வரைக்கும் உள்ளதான்.

— எவ்வளவு நாளு?

— பத்து வாரம் ஆகும்.

— பாதாம் ஆலை வாசல்ல ஒருத்தனைத் தள்ளிவிட்டதுக்கா? அவன் கீழகூட விழல மேடம்!

— அதை வக்கீல்கிட்ட சொல்லுங்க. அக்கா நம்பர்?

— தெரியாத நம்பர்னா எடுக்கவே மாட்டா. நேர்ல யாரையாவது அனுப்புங்களேன். என் கூட்டாளி மாட்டினப்போ ஒரு மீசைக்காரர் போய்க் கதவைத் தட்டினாரே?

— கார்ஸாவா? ஜனவரியிலயே வேலையை விட்டுட்டார். அவர் நாற்காலியில இப்போ பிரிண்டர் உக்காந்திருக்கு. நன்னடத்தைத் துறையில ஏழு பேர் பாத்த வேலையை ரெண்டு பேர் பாக்கறோம். இன்னொருத்திக்கு இன்னிக்குக் காய்ச்சல். உங்களையும் சேத்து எனக்கு முப்பத்தோரு பேர்.

— அப்போ நீங்களும் உள்ளதான் இருக்கீங்க.

— சிரிச்சது போதும், நம்பரைச் சொல்லுங்க. மூணு தடவை அடிப்பேன், அதுக்கு மேல நேரமில்ல... ஆங், எடுத்துட்டாங்க. ஸ்பீக்கர்ல போடறேன், நீங்க வாயைத் திறக்கக் கூடாது. ஹலோ, லூபேங்களா? கவுண்டி கோர்ட்டுலேர்ந்து பேசறேன்.

— கவுண்டியா? எதுக்கு?

— உங்க தம்பி ரூபன் உங்க வீட்டுலதானே தங்கியிருக்கார்?

— இங்க நானும் என் ரெண்டு புள்ளைங்களும்தான். வாடகைச் சீட்டுல இருக்கற பேரு அவ்வளவுதான்.

— சீட்டை நான் கேக்கலைங்க. அவர் அங்க தூங்கறாரா?

— இல்லைங்க. எப்பவாச்சும் ஞாயித்துக்கிழமை சூப் குடிக்க வருவான். அடுப்புல வேலை இருக்கு, வைக்கறேன்.

— வச்சுட்டாங்க. என்ன ரூபன் இது?

— அது கவுண்டி அரசாங்கம் கொடுத்த வீடு மேடம். சீட்டுல பேரில்லாத ஆளு தங்கினது தெரிஞ்சா காலி பண்ணச் சொல்லிடுவாங்க. பயந்துட்டா. உங்ககிட்ட முகவரி சொன்னப்போ எனக்கு அது புத்தியில உறைக்கவே இல்ல.

— வேற முகவரி இருக்கா?

— என் வேன்.

— அதுக்கு இந்தப் படிவத்துல கட்டம் இல்ல.

— அப்போ பத்து வாரமா?

— இருங்க, இருங்க. எனக்குச் சாப்பாட்டு நேரம் அரை மணி இருக்கு. நானே போய்ப் பாக்கறேன். சோபா, உங்க துணி, பல்லு விளக்கற பிரஷ்ஷு, ஏதாவது ஒண்ணு கண்ணுல பட்டாப் போதும், எழுதிடுவேன். சாயங்காலம் வெளிய வந்துரலாம்.

— நிஜமாவா மேடம்?

— கார்ஸா செஞ்சதுதானே. சாண்ட்விச்சைக் கார்ல போறப்போ தின்னுக்கறேன்.

— எழுதினதை யாரு படிப்பாங்க?

— நீதிபதி. கோர்ட்டுல சத்தமாத்தான் வாசிப்பாங்க.

— அக்காவுக்கு வீடு கொடுத்த ஆபீஸ்காரங்க வந்து உக்காந்து கேக்கலாமா?

— யாரு வேணா கேக்கலாம். கதவு திறந்துதான் இருக்கும்.

— உக்காந்து சாப்பிடுங்க மேடம். சோபா பத்தி நான் பொய் சொன்னேன்னு எழுதிக்குங்க.