நாலும் நெருப்பு

"நாலு அடியும் நெருப்பா வெச்சிகினு தண்ணி மிருகத்தாண்ட போய் நின்னா, தோக்காம இன்னா பண்ணும்?"

எண்ணூரிலிருந்து கடற்கரைக்குப் போகும் ரயிலில் என் எதிரே இரண்டு இளைஞர்கள். கேட்டவர் நீலச் சட்டை போட்டிருந்தார். மற்றவர் கையில் ரப்பர் பேண்ட் சுற்றிய வீடியோ கேம் பெட்டி இருந்தது; திரையில் அவர் வளர்க்கும் மிருகம் ஒரு தண்ணீர் மிருகத்தோடு மோதிக்கொண்டிருந்தது.

"கேம் பையில கரண்ட் அடி சும்மா கெடக்குது. ஒரு நெருப்ப எடுத்துட்டு அத கத்துக்குடு மாமு. இன்னொண்ண எடுத்துட்டு கல்லடி போடு. எது வந்தாலும் சமாளிக்கும்."

"எடுத்தது திரும்ப வருமா?"

"வராது. அதுக்கு நாலு அடிக்கு மேல ஞாபகம் நிக்காது."

"அப்ப வோணாம். இது தம்பி வெச்சது. நாமதான் வலையோட கடல் தண்ணியிலயே கெடக்கறோம், இதாச்சும் நெருப்பா இருக்கட்டும்னுவான்."

நீலச் சட்டைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவன் காரியம் முடிஞ்சி ஒரு மாசம் ஆவுது மாமு. இன்னும் எத்தினி நாளைக்கு இத வெச்சினு இருப்ப?"

"நீ சும்மா வா."

பெட்டி வைத்திருந்தவர் அதே தண்ணீர் மிருகத்திடம் மறுபடியும் போனார். ராயபுரம் வரும்வரை தோற்றுக்கொண்டே இருந்தார்.