அரபு வரிக்குள் ஒரு போன் நம்பர்

மோடத்தின் கீச்சொலி நினைவில் எழுந்தால், யுத்த காலத்து வெள்ளவத்தை நெட் கடை கண்முன் வரும். எனக்கு முன்னால் இருந்த முஸ்லிம் நானா ஒருவர், ரியாத்தில் மனைவி வேலைசெய்யும் வீட்டுக்காரருக்கு, அவளைத் தன் வீட்டுக்குப் போன் எடுக்கவிடச் சொல்லி அரபியில் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தார்.

“தங்கச்சி, வீட்டுப் போன் நம்பர் முன்பின்னாத் தெரியுது. மாத்தி அடிச்சேன், இப்ப சரி.”

கடைக்காரப் பெண் எழுந்து வந்தாள்.

“ஐயோ நானா, பிரவுசர்தான் அரபிக்குள்ள நம்பரைப் புரட்டிக் காட்டுது. அங்க நீங்கள் அடிச்ச மாதிரித்தான் போகும். இடைவெளி விடாமல் ஒரேயடியா அடியுங்கோ, புரளாது.”

“அப்ப முந்தி அனுப்பின கடிதமெல்லாம்?”

“அதுகளிலயும் மாத்தினனீங்களோ?”

“எல்லாத்திலயும்.”

அவர் புதிதாக அடித்து அனுப்பிவிட்டு எழுந்தார்.

“இனி அக்கா கோல் எடுப்பா. போனுக்குப் பக்கத்திலயே இருங்கோ நானா.”

“மூணு மாசமா அங்கதானே தங்கச்சி ஈக்கிறேன்.”