ஒன்பதாவது பை

ஜெய்சன்: …ஏழு, எட்டு. ஒன்பதாவது பை எங்க டீச்சர்?

சாரம்மாள்: மொதல்ல உக்காருலே. வாசப்படி ஏறும்போதே எண்ணிக்கிட்டா வருவ? காப்பி குடி.

ஜெய்சன்: காப்பிக்கு வரல. சபைக் கமிட்டி செயலாளரா வந்திருக்கேன்.

சாரம்மாள்: அதான் சட்டைப் பையில ரெண்டு பேனாவா? இதே வராந்தாவுல எபிரெய எழுத்தைத் தலைகீழா எழுதிட்டு நின்ன பய, இன்னைக்கு இந்த வேதாகமக் கல்லூரி முதல்வருக்கே பரீட்சை வைக்கான். ஏட்டி சுடலைவடிவு, ரெண்டு காப்பி கொண்டா.

சுடலைவடிவு: ஒண்ணு போதும்லாம்மா. தம்பிதான் குடிக்க மாட்டாராம்லா. அடுக்களை வரைக்கும் கேட்டுச்சு.

ஜெய்சன்: குடிக்க மாட்டேன்னு நான் சொல்லலையே யக்கா… டீச்சர், பேச்சை மாத்தாதீய. பத்திரத்துல என்ன எழுதியிருக்குன்னு ஒங்களுக்குத் தெரியும்.

சாரம்மாள்: எனக்கு மனப்பாடம். நீ சொல்லு, சரியான்னு பாக்குதேன்.

ஜெய்சன்: இந்த இடத்தைக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்தவரு ஒரே ஒரு நிபந்தனைதான் வச்சாரு. சுத்தியிருக்க ஒன்பது ஊருலயும் சபையார் வீட்டுல உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி தனியா எடுத்து வைக்கணும். நம்ம கல்லூரியில படிக்குத பிள்ளைய சனிக்கிழமைதோறும் போயி வாங்கிட்டு வரணும். ஒன்பது ஊரு பிடி அரிசியும் பன்னெண்டு மணி அடிக்குமுன்ன இந்த அடுக்களைக்கு வந்து சேரணும். ஒரு ஊரு விட்டுப்போனாலும்…

சாரம்மாள்: இடம் கமிட்டிக்கு. தொண்ணூறு வருசமா விட்டுப்போகல.

ஜெய்சன்: மணி இப்ப பதினொண்ணே முக்கால்.

சாரம்மாள்: நாலே நாலு பிள்ளைய, ஒன்பது ஊரு, ரெண்டு சைக்கிளு. ஒங்க காலத்துல நாப்பது பேரு போனீய. இதுங்க என்ன பறந்தா வரும்?

ஜெய்சன்: கமிட்டியும் அதைத்தான் கேக்கு. நாலு பிள்ளைக்கு எதுக்கு ஒரு கல்லூரி? டவுன்ல பெரிய கல்லூரி இருக்கு, அதோட சேத்துட்டா லைப்ரரி இருக்கு, கம்ப்யூட்டர் இருக்கு…

சாரம்மாள்: எல்லாம் இருக்கு. படிச்சு முடிச்சவன் இங்கன திரும்பி வருவானா? அதைச் சொல்லு. போன மாசம் ஆத்தங்கரைத் தெருவுல ஒரு துட்டி. பாதிரி ஐயரு ஏழு ஊரைப் பாக்கணும், பாவம், அவரு வந்து சேரும்போது பெட்டியைக் குழிக்குள்ள இறக்கியாச்சு. யாரு ஜெபம் பண்ணுனா தெரியுமா? நம்ம டார்லின். மாஞ்சோலை தேயிலை எஸ்டேட்டை மூடி, எல்லாரும் மலையை விட்டு இறங்குனாவள்ளா, அந்தக் குடும்பத்துப் பிள்ளை. சொந்த வீடு போனவ, அடுத்தவன் வீட்டு வாசல்ல நின்னு தைரியம் சொல்லுதா. டவுன் கல்லூரிக்காரன் வருவானாலே துட்டி வீட்டுக்கு?

ஜெய்சன்: நீங்க சொல்லுதது நியாயம். கமிட்டி நியாயம் கேக்கல, ஒன்பது பை கேக்குது.

சுடலைவடிவு: டீச்சரம்மா, டார்லின் வந்துட்டா. செயின் கழண்டு சைக்கிளை உருட்டிக்கிட்டே வந்திருக்கா. இந்தாங்க, ஆறுதல்புரம் பை.

சாரம்மாள்: பாத்தியா. மணி என்ன செயலாளரே?

ஜெய்சன்: பதினொண்ணு அம்பது.

சுடலைவடிவு: எப்பவும் போல கதவு வளையத்துலதான் தொங்குச்சாம். ஆனா இன்னைக்கு வீடு பூட்டிக் கெடந்துச்சுன்னு…

சாரம்மாள்: ஏட்டி, நீ போயி காப்பியைப் பாரு. பொங்கிரப் போகுது.

ஜெய்சன்: இருங்க யக்கா. பையை இங்கன வைங்க, அவிழ்த்துப் பாக்கணும்.

சாரம்மாள்: அரிசியைப் பாத்ததே இல்லையாக்கும்.

ஜெய்சன்: பேசிக்கிட்டே மத்த எட்டுப் பையிலயும் கையை விட்டுப் பாத்தேன். ரேசன் அரிசி, பொன்னி, இட்லி அரிசி, ஒண்ணு ரெண்டு பச்சரிசி, எல்லாம் கலந்து கெடக்கு. பிடி அரிசின்னா அப்படித்தான் இருக்கும், பல வீட்டு அரிசில்லா. இதைப் பாருங்க. அடி வரைக்கும் ஒரே அரிசி. அம்பை பதினாறு. ஒரு கல்லு இல்ல, ஒரு உமி இல்ல.

சாரம்மாள்: நல்ல அரிசி கொடுக்கது குத்தமா?

ஜெய்சன்: இது பல கை போட்ட அரிசி இல்ல டீச்சர், ஒரே மூட்டையில அள்ளுனது. கடையில வாங்கிப் போட்டீயளா?

சாரம்மாள்: ஜெய்சா.

ஜெய்சன்: கேக்கது என் வேலை.

சாரம்மாள்: முப்பது வருசமா இங்கன சொல்லிக் கொடுக்கேன். கல்லூரியைக் காப்பாத்தப் பொய் சொல்லணும்னா, அந்தக் கல்லூரியை நானே பூட்டி சாவியை ஒன் கையில தந்திருப்பேன்.

ஜெய்சன்: அப்ப எப்படி வந்துச்சு? ஆறுதல்புரத்துல நம்ம சபை வீடு பன்னெண்டு. பதினொண்ணு பூட்டிக் கெடக்கு. சென்னை, பெங்களூரு, மஸ்கட்டுன்னு போயிட்டாவ. எனக்குத் தெரியாதா? நான் பிறந்த ஊரு.

சாரம்மாள்: திறந்திருக்க அந்த ஒத்த வீட்டுல இருந்துதான் வருது. ரெண்டு வருசமா. தன் வீட்டுக்கு ஒரு பிடி, பூட்டிக் கெடக்க வீட்டுக்கெல்லாம் ஆளுக்கொரு பிடின்னு, தினம் உலை வைக்கும்போது பன்னெண்டு பிடி எடுத்து வைக்கா. ஊரு அரிசிதான் அது. எத்தனை கைன்னு பத்திரத்துல இல்ல.

ஜெய்சன்: யாரு எடுத்து வைக்கான்னு ஒங்க வாயால சொல்லுங்க, எழுதணும்.

சாரம்மாள்: சொல்ல மாட்டேன். பேரு சொல்லப்பிடாதுன்னு வாக்கு வாங்கியிருக்கா.

ஜெய்சன்: பேரு இல்லைன்னா கடை அரிசின்னுதான் நான் எழுதணும்.

சாரம்மாள்: எழுது. கோர்ட்டுக்குப் போறேன், அங்கனயும் இதையேதான் சொல்லுவேன். வாக்கு வாக்குதான்.

சுடலைவடிவு: டீச்சரம்மாதான் வாக்கு கொடுத்தாவ. நான் யாருக்கும் கொடுக்கல. தம்பி, அது ஒங்க அம்மா.

சாரம்மாள்: ஏட்டி…

சுடலைவடிவு: சும்மா இருங்கம்மா. கல்லூரியே போயிரும் போல இருக்கு, இதுல வாக்காம் வாக்கு.

சாரம்மாள்: …எஸ்தர்பாக்கியம்தாம்லே. மவன் கமிட்டியில இருக்கான், தெரிஞ்சா அவனுக்குத் தர்மசங்கடம்னு சொன்னா. அதான் மறைச்சேன்.

ஜெய்சன்: ஒத்த ஆளுக்கு மாசம் ஒரு மூட்டை அரிசி எதுக்கும்மான்னு கேப்பேன். கோழிக்குப் போடுதேன்னு சொல்லுவா. ரெண்டே ரெண்டு கோழி.

சாரம்மாள்: அப்ப ஒனக்குத் தெரியுமா?

ஜெய்சன்: செவ்வாக்கிழமையில இருந்துதான் தெரியும். கிணத்தடியில வழுக்கி விழுந்துட்டா. கால்ல கட்டுப் போட்டு எங்க வீட்டுலதான் படுத்திருக்கா. அந்த வலியிலயும் மொதல்ல கேட்டது இந்தப் பையைத்தான்.

சாரம்மாள்: எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே… தெரிஞ்சு வச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் என்னை வறுத்தெடுத்த?

ஜெய்சன்: திங்கக்கிழமை கமிட்டியில என்னை இதை விட வறுப்பாவ. ஒரு வாரமாவது கடை அரிசி கலந்திருந்தா என்னால அங்கன வாயைத் திறக்க முடியாது. அதை ஒங்க வாயால கேக்கணும்லா. இந்தாங்க, ‘ஒன்பது ஊர் அரிசியும் வந்து சேர்ந்தது’ன்னு எழுதிட்டேன். கையெழுத்துப் போடுங்க.

சாரம்மாள்: போட மாட்டேன்.

ஜெய்சன்: டீச்சர், இன்னும் நாலு நிமிசம்தான் இருக்கு.

சாரம்மாள்: ஒங்க அம்மா செவ்வாக்கிழமையே வீட்டைப் பூட்டிட்டு வந்துட்டா. அப்ப இன்னைக்குக் கதவுல இந்தப் பையைத் தொங்க விட்டது யாரு? நீ என்கிட்ட கேட்டதைத்தான் நான் ஒன்கிட்ட கேக்கேன். கடை அரிசின்னா என் கையெழுத்து கிடையாது.

ஜெய்சன்: அந்த வீட்டு அரிசிதான். அந்த வீட்டுப் பானையில அள்ளுனதுதான். யக்கா, நீங்க போயி மணியை அடிங்க.

சுடலைவடிவு: அடிக்கேன் தம்பி. ஆனா எனக்கும் ஒண்ணு இடிக்கு. எஸ்தரக்கா பையை எப்பவும் ஒத்தக் கையில தூக்கிருவேன், இன்னைக்கு ரெண்டு கையும் வேண்டியிருந்துச்சு. அதே பன்னெண்டு பிடி கணக்குன்னா இவ்வளவு கனக்காதே?

ஜெய்சன்: கனக்கத்தான் செய்யும் யக்கா. காலைல அம்மா படுத்துக்கிட்டே போன்ல ஒவ்வொரு வீட்டுப் பேராச் சொல்லச் சொல்ல, நாந்தான் அந்த வீட்டுக்குப் போயி, விட்டுப்போன நாளுக்கும் சேத்து பானைக்குள்ள கையை விட்டு அள்ளிப் போட்டு, கதவுல தொங்க விட்டேன். இனிமே எல்லாச் சனிக்கிழமையும் இப்படித்தான் கனக்கும். அம்மா கையை விட என் கை பெருசுல்லா.