"அரவை முடியட்டும்" என்றவள் பேசுகிறேன்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் வுகாஷின் அவர்களே, தொழிற்சங்கத் தலைவர் அவர்களே, மூன்று ஷிப்டிலிருந்தும் வேலை உடுப்போடு வந்து இந்தக் கேன்டீனை நிறைத்திருக்கும் ஆலைத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அருமைச் சகோதரி டோப்ரிலா! உங்கள் எல்லோருக்கும் உற்பத்தி மேலாளர் லூபிங்காவின் வணக்கம். இப்படி ஒரு நாளில், இப்படி ஒரு மேடையில் நின்று வணக்கம் சொல்ல நேரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. நேற்று அவர் குழியில் மண் அள்ளிப் போட்ட கை இது.

யாரை இழந்தோம் நாம்? திஹோமிர் வெஸ்கோவை இழந்தோம்! இந்தச் சர்க்கரை ஆலையின் கணினிப் பொறுப்பாளரை இழந்தோம்! அந்தப் பதவிப் பெயரெல்லாம் அலுவலகக் காகிதத்தோடு சரி. வாசல் காவலர் முதல் பாகு காய்ச்சும் மாடி வரைக்கும் அவர் திஷா மேஸ்திரி. இருபத்தேழு அரவைப் பருவம் பார்த்த மனிதர். ஐம்பத்தாறு வயது. போகிற வயதா அது? சொல்லுங்கள், போகிற வயதா?

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரைப் பொறுமைசாலி என்றார்கள், யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர் என்றார்கள். எல்லாம் உண்மை. எனக்கும் ஓர் உரையைத் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். நல்ல உரைதான். அதை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். நடந்ததைச் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கினால், இனி எனக்கு ஒரு வாய் ரொட்டி தொண்டையில் இறங்காது.

நான்காம் மாடியில், பாகு காய்ச்சும் கூடத்தில் ஒரு கணினி இருக்கிறது. ஆறு கொப்பரைகளின் சூடு, நீராவி, பாகின் பதம் எல்லாம் அதன் பொறுப்பில். அதில் ஓடும் இயங்குதளத்துக்கு இருபது வயதுக்கும் மேல். செய்து விற்றவர்களே அதைக் கைகழுவிப் பல வருடம் ஆகிறது. கோளாறு வந்தால் கேட்க நாதி இல்லை. உதிரிப் பாகம் வேண்டுமென்றால் செர்பியா முழுக்கச் சல்லடை போட்டுத் தேட வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் மனிதர் பழைய சாமான் சந்தைக்குக் கிளம்பிவிடுவார். அவர் வீட்டுக்காரி டோப்ரிலா ஒருமுறை என்னிடம் பொரிந்து தள்ளினாள்: "ஊர்ல ஆம்பளைங்க சந்தைக்குப் போனா ஆப்பிள் வாங்கிட்டு வர்றாங்க, மொளகா வாங்கிட்டு வர்றாங்க. இந்த மனுஷன் செத்துப்போன கம்ப்யூட்டரை ரெண்டு கையிலயும் ஏந்திட்டு வர்றாருடி! குளிக்கப் போனா அங்கயும் ஒண்ணு உக்காந்திருக்கு!"

அந்தக் கணினி நின்றுபோனால் எழுப்பத் தெரிந்தவர் இந்த ஆலையில் ஒரே ஒருவர். அணைக்க வேண்டும், நாற்பது எண்ண வேண்டும், உள்ளே விசிறியின் சத்தம் மாறும்வரை காது கொடுத்துக் கேட்க வேண்டும், மாறிய அந்த நொடியில் ஒரு விசையைத் தட்ட வேண்டும். எனக்குப் பத்துத் தடவை காட்டினார். ஒரு தடவைகூட எனக்கு வரவில்லை. "அவசரக்காரி நீ, உன்கிட்ட அது பேசாது லூபா" என்று சிரிப்பார்.

ஆறு வருடத்துக்கு முன்பு அவரே வந்து சொன்னார்: இது தாங்காது, புதிய இயங்குதளத்துக்கு மாறியாக வேண்டும், நான் திட்டம் போடுகிறேன் என்று. போடு என்றேன். போட்டால் போகிறது என்று நினைத்தேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஆலையில் எத்தனை கணினி இருக்கிறது என்று எண்ணக் கிளம்பினார். எங்கள் கணக்கில் பத்து. அவர் கணக்கில் பதினொன்று. அந்தப் பதினோராவது எங்கே இருந்தது? ஆய்வகத்தில், நம் எதெல்காவின் ஜெரேனியம் பூந்தொட்டிக்குக் கீழே! அது ஓடுகிறது என்பதே யாருக்கும் தெரியாது. எதெல்கா அதைப் பூந்தொட்டி வைக்கும் பெட்டி என்றே நினைத்திருந்தாள். திஷா அதை ஒரு நிமிடம் அணைத்தார். தராசு மேடையிலிருந்து ஓலம்! பீட் கிழங்கு ஏற்றி வந்த அத்தனை லாரியும் நின்றுவிட்டது. எதெல்கா ஓடிவந்து, "ஐயோ மேஸ்திரி, அஞ்சு வருஷமா அதுமேல தண்ணி ஊத்திட்டிருக்கேனே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். திஷா என்ன சொன்னார்? "அதனாலதான் இது மட்டும் தழைச்சு நிக்குது" என்றார்.

சிரியுங்கள், தோழர்களே. அவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

அந்தத் திட்டம் நாற்பத்தொரு பக்கம். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பக்கம் கட்டம் போட்டிருந்தார். இது என்ன வேலை செய்கிறது? இதைத் தொட்டால் யார் கத்துவார்? ஆமாம், அப்படியே எழுதியிருந்தார். அந்தக் கட்டத்தில் பாதி இடத்தில் என் பெயர்! கடைசிக் கட்டம், இதை ஓட்டத் தெரிந்தவர் யார். அதில் பதினோரு இடத்திலும் திஷா, திஷா, திஷா என்று சிவப்பு மையில் இருந்தது. "என்ன, கையெழுத்துப் பழகுறியா?" என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. "எனக்கே பயமா இருக்கு லூபா. பதினோரு இடத்துலயும் ஒரே ஆளு. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா என்ன செய்வே?" என்றார். உனக்கென்ன, நூறு வருஷம் இருப்பே என்று நோட்டை மூடிக் கையில் கொடுத்து அனுப்பினேன்.

உங்கள் எல்லோருக்கும் தெரியும், இந்த ஆலையில் நாம் எதற்கும் சொல்லும் பதில் ஒன்று உண்டு. செப்டம்பரில் கிழங்கு வரத் தொடங்கினால் எதையும் தொடக்கூடாது. கல்யாணமா, அரவை முடியட்டும். வீட்டுக்கூரை ஒழுகுகிறதா, அரவை முடியட்டும். பல் வலியா, அரவை முடியட்டும்! சரி, அரவை முடிந்தால் செய்கிறோமா? ஜனவரி வந்தால், "இப்போதுதான் மூச்சு விடுகிறோம்." மார்ச் வந்தால், "பராமரிப்பு வேலை நடக்கிறது, எல்லாம் கழற்றிக் கிடக்கிறது." ஆகஸ்ட் வந்தால், "அரவைக்கு நாள் நெருங்கிவிட்டது, இப்போது போய் வம்பை விலைக்கு வாங்குவார்களா?" இப்படியே ஆறு வருடம். ஒவ்வொரு வருடமும் அவர் நோட்டோடு என் கதவைத் தட்டினார். ஒவ்வொரு வருடமும் திருப்பி அனுப்பியது யார்? இயக்குநரா? இல்லை. அவர் என் வார்த்தையைத்தான் கேட்டார். அனுப்பியது நான்.

அவர் சளைத்தாரா? சளைக்கவில்லை! சுபோட்டிட்சாவில் ஆள் பிடித்து, கொப்பரைகளை ஓட்டும் மென்பொருளைப் புதிய இயங்குதளத்துக்கு ஏற்ப எழுதி வாங்கினார். புதிய கணினியையும் வரவழைத்தார். இந்த மே மாதம், பாகுக்குப் பதில் வெறும் தண்ணீரை விட்டு ஆறு கொப்பரையையும் அதில் ஓட்டிக் காட்டினார். "பாரு லூபா, தண்ணி கொதிக்குது! சொன்ன சூட்டுல கொதிக்குது!" என்று குதித்தாரே, அந்த முகத்தை நான் எப்படி மறப்பேன்? அரவை நடக்கும்போதே மாற்றலாம் என்று வழியும் வைத்திருந்தார். புதியது மூன்று வாரம் பழையதன் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும், எதையும் தொடாது. பிறகு கொப்பரைகளைக் கையால் ஓட்டிக்கொண்டு, ஆறு மணி நேரம் அரவையை நிறுத்தினால் போதும். ஆறே ஆறு மணி நேரம்! நான் என்ன சொன்னேன்? "ஆறு மணி நேரமா? அரவையில ஆறு நிமிஷம் தர மாட்டேன். தூசு பறக்குது, அதைப் பெட்டிக்குள்ள வை" என்றேன். வைத்தார். அந்தப் பெட்டி மே மாதத்திலிருந்து என் மேசைக்கு அடியில் இருக்கிறது. நான் அதன்மேல் கால் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இனிச் சொல்லப்போவதுதான் நான் சொல்ல வந்தது.

செப்டம்பர் கடைசியில் அவர் என் அறைக்கு வந்தார். கையில் நோட்டு இல்லை, ஒரு கடிதம் இருந்தது. நோவி சாட் மருத்துவமனையில் இதய வால்வு அறுவைக்குப் பெயர் கொடுத்துப் பதினான்கு மாதம் காத்திருந்திருக்கிறார். "லூபா, அக்டோபர் ஒன்பதாம் தேதி வரச் சொல்றாங்க. ரெண்டு மாசம் ஓய்வுல இருக்கணுமாம்" என்றார். தோழர்களே, நான் எழுந்து அவரைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டாமா? போய் வா, உயிரோடு வா என்று சொல்லியிருக்க வேண்டாமா? நான் என்ன கேட்டேன் தெரியுமா? "அய்யய்யோ, அப்ப அந்த மெஷினை யாரு பாப்பா?" அதுதான் என் வாயில் முதலில் வந்தது. பிறகு சொன்னேன்: "பதினாலு மாசம் இருந்தாச்சு. அரவை முடியட்டுமே திஷா." அவர் கடிதத்தை மடித்தார். "சரி, நீ சொன்னா சரி" என்றார். போகும்போது கதவைச் சத்தம் இல்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

நவம்பர் மூன்று, காலை பத்தரை மணி. திரை இருண்டது. ஆறு கொப்பரையிலும் பாகு கொதித்துக்கொண்டிருக்கிறது. நான்தான் போன் செய்தேன். "திஷா, மேல வா, ஓடி வா!" என்று கத்தினேன். ஓடி வா என்றேன்! நான்கு மாடி! ஓடி வந்தார். அணைத்தார், எண்ணினார், காது வைத்துக் கேட்டார். முதல் தடவை வரவில்லை. இரண்டாம் தடவை வந்தது. "வந்துடுச்சு" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொப்பரைச் சூடு இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவரைப் பார்க்கவில்லை. பாகு காய்ச்சும் மிலாதின்தான் முதலில் பார்த்தான். "இன்ஜினியரம்மா! மேஸ்திரி மூஞ்சியைப் பாருங்க!" என்று அவன் அலறினான். நான் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது.

அன்றைக்கும் அரவை நிற்கவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு போனபோதும் கிழங்கு வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் என் ஒருத்தியிடம் இருந்தது. நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். மூன்று நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நேற்று அடக்கம் முடிந்து டோப்ரிலாவின் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். உன் வீட்டுக்காரரை அனுப்பாதவள் நான்தான் என்றேன். அடிப்பாள், வெளியே போ என்பாள் என்று நினைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "அவரு வந்து வேற மாதிரில்ல சொன்னாரு? லூபா போகச் சொல்லித்தான் சண்டை போட்டா, நான்தான் வேண்டாம்னு பிடிவாதமா இருந்துட்டேன்னு சொன்னாரே" என்றாள்.

கேட்டீர்களா? என்மேல் ஒரு சொல் வரக்கூடாது என்று கட்டிய மனைவியிடம் பொய் சொல்லியிருக்கிறார். பொய்யே சொல்லத் தெரியாத மனிதர்! என் தலையில் விழ வேண்டியதைத் தானே ஏந்திக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாரே! இதை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்? டோப்ரிலா, உன்னிடம் மன்னிப்புக் கேட்க நான் இங்கே நிற்கவில்லை. மன்னிக்காதே. நடந்தது இதுதான் என்று ஊர் அறியட்டும், அவர் பிடிவாதக்காரர் அல்ல என்று ஊர் அறியட்டும், அதற்காக நிற்கிறேன்.

இனி என்ன செய்யப் போகிறோம்? நாளை காலை ஏழு மணிக்கு அந்தப் பெட்டியை நான் பிரிக்கிறேன். சுபோட்டிட்சா ஆட்கள் வருகிறார்கள், பேசிவிட்டேன். மூன்று வாரம் புதியது பழையதன் பக்கத்தில் இருக்கும். அதன் பிறகு, அரவை உச்சத்தில் இருக்கும்போதே, ஆறு மணி நேரம் இந்த ஆலை நிற்கும். இயக்குநர் அவர்களே, உங்கள் நெற்றி சுருங்குவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. சுருங்கட்டும்! லாரிகள் சாலையில் நிற்கட்டும்! கிழங்கு வாடினால் வாடட்டும்! பதினோரு கணினிகளையும் அந்த நாற்பத்தொரு பக்கத்தின்படியே மாற்றுவோம். எங்களால் முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். ஒரு பக்கத்தின் ஓரத்தில், "லூபாவுக்கும் புரியும்படி எழுது" என்று தனக்குத் தானே குறித்து வைத்திருக்கிறார். எனக்குப் புரிகிறது. ஒவ்வொரு வரியும் புரிகிறது. கடைசிக் கட்டத்தில் இனி எந்த இடத்திலும் ஒரே ஒரு பெயர் இருக்காது. மூன்று பெயர் இருக்கும். இது அவர்மேல் ஆணை.

இன்னும் ஒன்று. சற்று நேரத்தில் அவித்த கோதுமை வரும், அவர் பெயரைச் சொல்லி ஆளுக்கொரு கரண்டி உண்போம். அதற்கு முன்னால் எனக்கு ஒரு பதில் வேண்டும். மிலாதின்! தூணுக்குப் பின்னால் போகாதே, இங்கே வா. உன் குடலிறக்க அறுவைக்கு எப்போது வரச் சொன்னார்கள்? எப்போது? போன மாதமா? திங்கட்கிழமை நீ போகிறாய். என்ன, "கொப்பரையை யாரு பாப்பா"வா? நான் பார்க்கிறேன். பாகு காய்ச்சத் தெரியாமலா இந்த நாற்காலிக்கு வந்தேன்?

வேறு யார்? அரவை முடியட்டும் என்று மருத்துவமனைக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்திருப்பவர்கள் வேறு யார்? கையைத் தூக்குங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. நான் அவசரப்படவில்லை, இங்கேயே நிற்கிறேன்.

தராசு மேடை, ஒருவர். சரி. சுண்ணாம்புச் சூளை, அங்கே ஒருவர். கையை இறக்காதீர்கள், எழுதிக்கொள்கிறேன். வாசல் பக்கம் இரண்டு பேர். வேறு?

எதெல்கா? நீயுமா?

என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடி!