துக்க வீட்டுக்குப் போன ரோஸ் பாதாம்

...அதுக்கு நான் என்னக்கா பண்ணுவேன்? பெட்டிய மொதல்ல கீழ வைங்க, கை வலிக்கப் போகுது. துக்க வீட்டுக்கு, நிச்சயத்துக்குக் குடுக்குற ரோஸ் கலர் பாதாம் மிட்டாய் வந்தா கோவம் வரும்தான், யாரு இல்லன்னா? நீங்க கேட்டது துக்கம் விசாரிக்க வர்றவங்களுக்குக் குடுக்குற சக்கரை போடாத காப்பி. எனக்கும் தெரியுது. ஆனா ‘யாருடி இத அனுப்பினது’ன்னா? நான் செஞ்சு வச்ச நம்ம மிட்டாய்க் கடை வெப்சைட்டுதான் அனுப்பிச்சு.

அதுக்கு ஞாபகமே கிடையாதுக்கா. ஒரு பட்டன அழுத்துவீங்க, பதில் சொல்லும், அந்த நிமிஷமே உங்கள மறந்துரும். அடுத்த பட்டன அழுத்தினா ‘நீங்க யாரு?’ங்கும். எங்க முதலாளி நஸீஹ் மாதிரிதான். என்ன, அவரு திட்ட வேண்டியத மட்டும் மறக்க மாட்டாரு.

அதனால வர்றவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு டோக்கன் குடுக்கணும். அவங்க கேட்டத அந்த டோக்கன் பேர்ல தனியா வச்சுக்கணும். குடுத்தேனே! ஆனா நம்ம லெபனான்ல கரண்டு போகுது, தெரு ஜெனரேட்டர் வருது, நடுவுல கடைக் கம்ப்யூட்டர் செத்துப் பொழைக்குது. பொழச்சு வந்தா டோக்கன் எல்லாம் காலி. ஜனங்க பாதி ஆர்டர்ல நின்னு கத்துறாங்க. நஸீஹ் வந்து, ‘ருதைனா, இன்னொரு புகார் வந்துச்சு, நீ மறுபடி ஸ்கூலுக்குத்தான்’ங்குறாரு. படிப்ப பாதியில விட்டு ஓடி வந்தவகிட்ட சொல்ற பேச்சாக்கா இது?

சரின்னு டிஸ்க்குல எழுதி வச்சேன். கரண்டு போனாலும் அழியாது. ஒரே எடம், வந்தவங்க கேட்டது அதுல. ...ஆமா, டோக்கன தூக்கிட்டேன். ...எல்லாருக்கும் சேத்து ஒரே எடம்தான். நான் போட்டுப் பாத்தப்ப நான் ஒருத்திதானே! அருமையா ஓடிச்சு.

இன்னிக்கு நீங்க காப்பி கேட்டீங்க. விலாசம் எழுதி முடிக்குறதுக்குள்ள வேற யாரோ அதே எடத்துல உங்க காப்பிய அழிச்சுட்டு பாதாம போட்டுட்டாங்க, அது உங்க விலாசத்துக்கு வந்துருச்சு. அவ்வளவுதான். இதுக்குப் போயி...

யாருன்னா எனக்கென்ன தெரியும்? இருங்க, பெட்டிக்குள்ள ரிப்பன்ல பொண்ணு பேரு இருக்கும். ல... லமீஸ்.

நஸீஹ் பொண்ணு பேரும் லமீஸ்தான்.

இன்னிக்கு அவளுக்கு நிச்சயம். வீடு நெறைய ஆளுங்க இருப்பாங்க, மிட்டாய்த் தட்டுதான் இருக்காது. குடுங்கக்கா, நானே ஓடிப்போயி... என்னக்கா இது, பாதி காலி? துக்க வீட்டுலயா தின்னு தீத்தாங்க?

ஐயோ, போன் அடிக்குது. அவருதான். அக்கா... போகாதீங்க, நீங்க எடுங்களேன். நீங்க யாருன்னு அவருக்குத் தெரியாது.